இடப்பக்கம் வடக்கே, வலப்பக்கம் தெற்கே

ஷூ தொழிற்சாலையில் அவளுக்கு ஜோடியக்கா என்று பெயர். கல்யாணத் தரகு பார்க்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். இடது கால் ஷூவுக்கு ஏற்ற வலது கால் ஷூவைத் தேடி ஜோடி சேர்ப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் பார்க்கும் வேலை. இதில் என்ன பெரிய வித்தை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோல் என்ன, மில் துணியா? ஒரே தோலில் முதுகுப் பக்கம் வழவழவென்று இருக்கும், வயிற்றுப் பக்கம் சுருங்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்பு. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள். "இது இதோட ஜோடி இல்ல" என்று தூக்கிப் போட்டுவிடுவாள். அதற்கப்புறம் சூப்பர்வைசர்கூட வாயைத் திறக்க மாட்டார்.

இப்படிப்பட்டவள் சிறுத்தைகளிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கடைவாய்ப் பல். பல் டாக்டர் ஒரு பேச்சுப்பிரியர். நோயாளி வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பதுதான் அவருக்கு உலகத்திலேயே பிடித்த நிலைமை. அவள் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டுக் கேட்டார்.

"சனிக்கிழமை மத்தியானம் சும்மாதான இருப்பீங்க? காட்டுல கேமரா வெச்சு எடுத்த சிறுத்தை ஃபோட்டோ பாக்கணும். நானும் போறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. வர்றீங்களா?"

வலியில் அவள் "ம்ம்" என்று முனகினாள். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. ஆறு கம்ப்யூட்டர்கள், சத்தம் போடும் ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு பெரிய வரைபடம். ஊருக்கு வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை, நடுவில் ஊர், ஊரை அறுத்துக்கொண்டு நெடுஞ்சாலை. இரண்டு மலைகளிலும் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருந்தார்கள். சூடான உடம்பு எது குறுக்கே போனாலும் அதுவாகவே படம் எடுத்துக்கொள்ளும். நான்கு வருடத்தில் அறுபதாயிரம் படங்கள் சேர்ந்திருந்தன. இத்தனையையும் வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் முப்பது வயது ஆராய்ச்சிக்காரி ஒருத்தி. குரல் மெல்லிசு, பிடிவாதம் அதிகம்.

"அக்கா, ஒரு சிறுத்தையோட புள்ளி மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது. நம்ம கைரேகை மாதிரி. இந்தக் கம்ப்யூட்டர் ரெண்டு படம் காட்டும். ஒரே சிறுத்தையா, வேற வேறயான்னு நீங்க சொல்லணும். நீங்க சொல்லச் சொல்ல மெஷின் அதப் பாத்துக் கத்துக்கும்."

"மெஷினுக்கு நான் சொல்லிக்குடுக்கறதா? நல்லா இருக்கு கதை" என்று சிரித்தாள் ஜோடியக்கா.

பிறகு முதல் படம் திரையில் வந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பொன் நிறத்தில் நீண்ட உடம்பு, அதன்மேல் கறுப்புப் பூக்களாக நூற்றுக்கணக்கில் புள்ளிகள், ஒன்றைப் போல ஒன்று இல்லை. பத்தொன்பது வருடம் செத்த தோலையே தடவிப் பார்த்தவள் அவள். உயிரோடு நடந்து போகிற தோலை அன்றுதான் பார்த்தாள். அம்மாடி, இது இவ்வளவு அழகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த பல் டாக்டர் ஏதோ தானே வரைந்த படம் மாதிரிப் பெருமையாகத் தலையாட்டினார்.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூட அவள் விடவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "புருஷன் மூஞ்சியப் பாக்க நேரமில்ல, சிறுத்தை மூஞ்சியப் பாக்கக் கிளம்பிட்டா மகராசி!"

மெஷின் ஆரம்பத்தில் சுத்த மக்காக இருந்தது. மர நிழல் விழுந்த பாறையைச் சிறுத்தை என்றது. ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்தி நூற்றுக்கு எண்பது என்று மார்க் வேறு போட்டது. "புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு மாதிரி முழிக்குது, பாவம்" என்பாள் ஜோடியக்கா. ஆனால் நான்கே மாதம். ஆயிரம் படத்தை அவள் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் பிரித்து அடுக்கிவிட்டது. அவளே ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஜோடியை அது கண் சிமிட்டும் நேரத்தில் கொண்டுவந்து வைத்தது. யார் கண்ணிலிருந்து யார் கண்ணுக்குப் பாய்ந்தது இந்த வித்தை? அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஜோடியக்கா சறுக்கியது கொஞ்சநஞ்சமல்ல. திரையில் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திருப்ப ஒரு பொத்தான் இருந்தது. ஷூ வேலைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? வலது ஷூவைக் கண்ணாடியில் காட்டினால் இடது ஷூ. அந்தக் கணக்கிலேயே ஒரு சிறுத்தையின் வலப்பக்கப் படத்தைத் திருப்பிப்போட்டு, இன்னொன்றின் இடப்பக்கப் படத்தோடு ஜோடி சேர்த்தாள். கிட்டத்தட்ட ஒத்துப்போவது மாதிரித்தான் இருந்தது. ஜோடியக்கா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மெஷினும் போனது, நல்ல பிள்ளையாக.

சிறுத்தைக்கு இடப்பக்கப் புள்ளி வேறு, வலப்பக்கப் புள்ளி வேறு என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய ஆராய்ச்சிக்காரி மூன்று மாதமாக இரண்டு மலையிலும் மரம் மரமாகப் போய்க் கேமராவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கி வந்து பார்த்தால் இரண்டு மலையிலும் சேர்த்து இருந்த பதினொரு சிறுத்தைகள் ஐந்தாகியிருந்தன.

"ஆறு சிறுத்தையக் காணோமே அக்கா" என்றாள், முகம் வெளுத்து.

காரணம் தெரிந்தபோது ஜோடியக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று மாத வேலையை அழித்துவிட்டு மறுபடி செய்தார்கள். பொத்தானை எடுத்துவிட்டார்கள். இடப்பக்கத்தை இடப்பக்கத்தோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும், வலத்தை வலத்தோடு மட்டும் என்று மெஷினுக்கும் கட்டளை போட்டார்கள், சுவரிலும் எழுதி ஒட்டினார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அன்றிலிருந்து படத்தைப் பார்த்தாளா, பட்டனை அமுக்கினாளா, வாயே திறக்க மாட்டாள்.

இந்த நிலையில்தான் சாலைத் துறையிலிருந்து கடிதம் வந்தது. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வேலி போடப் போகிறார்கள். சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போவதற்காக இருக்கும் மூன்று சின்னப் பாலங்களையும் கம்பி வைத்து அடைக்கப் போகிறார்கள். சிறுத்தைகள் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகின்றனவா, மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

பதில் எல்லோருக்கும் தெரியும். போகவில்லை. வடக்கே ஏழு, தெற்கே நான்கு. நான்கு வருடத்தில் ஒரு சிறுத்தைகூட இரண்டு மலையிலும் படத்தில் விழவில்லை. தெற்கே உள்ள நான்கில் மூன்று பெண், ஒன்று ஆண். ஆண் ஒன்று இருக்கிறதல்லவா, குட்டிகள் பிறக்கும், வேலியால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆராய்ச்சிக்காரி அப்படித்தான் அறிக்கை எழுதத் தொடங்கினாள்.

அந்த ஆணைத்தான் ஜோடியக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கு-நாலு என்று அதற்குப் பெயர். ஒரு இடத்துக்கு ஒரு கேமராதான் வைக்க வசதி இருந்தது. அந்தப் பாதையில் அது எப்போதும் ஒரே திசையில்தான் போகும், அதனால் அதன் வலப்பக்கம் மட்டும்தான் படத்தில் இருந்தது. அவள் புள்ளிகளைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், காலைப் பார்த்தாள். வலது பின்கால் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி விழுந்திருந்தது. அப்படி நடக்கிற மனிதனுக்குக் குதிகாலின் ஓரம் ஆறே மாதத்தில் தேய்ந்துபோகும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

அப்போதுதான் பகீரென்றது. இந்தக் காலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே.

வடக்கு-மூணு. அதுவும் ஆண். இடப்பக்கம் மட்டும் படத்தில் விழுந்த ஆண். இடப்பக்கத்திலிருந்து எடுத்தால் வலப்பக்கப் புள்ளி தெரியாது, சரி. ஆனால் கால்? நான்கு காலும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியுமே! வடக்கு-மூணின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அந்தப் பக்கமாக, வயிற்றுக்கு அடியில், வலது பின்பாதம் வெளியே திரும்பி விழுந்திருந்தது. ஏழு படத்தில் ஏழிலும்.

இரண்டும் ஒன்று என்றால் பதினொன்று பத்தாகும். அதுவா பெரிசு? தெற்கு மலைக்கென்று ஆணே கிடையாது என்று ஆகும். வடக்கிலிருந்து வந்துபோகிற ஒன்றுதான் அந்த மூன்று பெண்களுக்கும் துணை. வழியை அடைத்தால் தெற்கு மலையில் இனி குட்டியே பிறக்காது.

இதைச் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? அவள் சூடு கண்ட பூனை. இடத்தையும் வலத்தையும் ஜோடி சேர்த்து ஆறு சிறுத்தையைக் காணாமல் அடித்தவளே மறுபடி போய், இடமும் வலமும் ஒன்று என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் குக்கரைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே எதையோ தொலைத்தவள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷன் அடுப்பை அணைத்துவிட்டு விஷயத்தைக் கறந்தான்.

"சொல்லித் தப்பாப் போச்சுன்னா என்ன பண்ணுவாங்க?"

"சிரிப்பாங்க."

"சொல்லாம விட்டு, அது சரியா இருந்துச்சுன்னா?"

அவள் குக்கரை மறுபடி மூடினாள்.

"அப்ப சிரிக்கட்டும் போ" என்றான் அவன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் ஆராய்ச்சிக்காரியின் வாசலில் போய் நின்றுவிட்டாள். விஷயத்தைக் கேட்டவள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து அந்தக் கால்களைப் பெரிதாக்கினாள்.

"அக்கா, ஒரு காலை வெச்சு நான் அறிக்கை எழுத முடியாது. ஆனா..." உதட்டைக் கடித்தாள். "மெஷினுக்குக் காலைப் பாக்கக் கத்துக்குடுத்தா?"

அந்த வாரம் தொண்டர்கள் பன்னிரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்தார்கள். புள்ளியை மறந்துவிட்டு பின்கால்களை மட்டும் குறித்தார்கள், நேராக இருக்கிறதா திரும்பியிருக்கிறதா என்று. "எனக்கு வாய்ப் பக்கம்தான் பழக்கம், இது எதிர்ப்பக்கமா இருக்கே" என்று புலம்பிக்கொண்டே பல் டாக்டர் நானூறு கால்களைக் குறித்தார். வெள்ளிக்கிழமை அறுபதாயிரம் படங்களையும் மெஷினிடம் கொட்டினார்கள். வாலும் காலும் மட்டும் விழுந்ததால் உதவாது என்று ஒதுக்கியிருந்த படங்கள்கூட உள்ளே போயின.

நாற்பது நிமிடத்தில் மெஷின் முப்பத்தொரு படத்தை எடுத்து வெளியே வைத்தது. ஆராய்ச்சிக்காரி அவற்றைத் தேதிவாரியாக அடுக்கினாள். வடக்கே மூன்றாம் தேதி. தெற்கே ஐந்தாம் தேதி. தெற்கே எட்டு. வடக்கே பதினொன்று. நான்கு வருடமும் இதே கதை. வடக்கே இருக்கிற நாளில் தெற்கே இல்லை, தெற்கே இருக்கிற நாளில் வடக்கே இல்லை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பஸ் கால அட்டவணைகூட இத்தனை ஒழுங்காக இருக்காது.

 ஜோடியக்கா சுவரிலிருந்த வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு லட்சம் பேர் இருக்கிற ஊர். இத்தனை தெருவிளக்கு, இத்தனை லாரி, இத்தனை நாய். அதன் நடுவே ஒரு சிறுத்தை நான்கு வருடமாகப் போய் வந்துகொண்டிருக்கிறது, ஒரு கண்ணில்கூடப் படாமல்.

"இது போதாதா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"எனக்குப் போதும். சாலைத் துறைக்குப் போதாது" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எடுத்த படம் வேணும். மூணு பாலத்துல எதுல போகுதுன்னு தெரியல. மலையில கட்டினது போக கேமரா நாலுதான் மிச்சம் இருக்கு. எதிரெதிரா வெச்சா ரெண்டு பாலத்துக்குத்தான் வரும். ஷூ கம்பெனிக்குப் பின்னாடி இருக்கிறத விட்டுடலாம். அதுல தினமும் ஆளுங்க நடக்கறாங்க."

அந்த ஆளுங்களில் ஒருத்தி ஜோடியக்கா. சாலைக்கு அந்தப் பக்கக் குடியிருப்பிலிருந்து தொழிற்சாலைக்கு வரும் நாற்பத்துமூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாலத்துக்குள் புகுந்துதான் வேலைக்குப் போவார்கள். மேலே நடைமேம்பாலம் ஒன்று இருக்கிறது. ஐம்பத்திரண்டு படி ஏறி ஐம்பத்திரண்டு படி இறங்க வேண்டும், ஜோடியக்காவின் முழங்கால் அதை நினைத்தாலே வலிக்கும்.

"மத்த ரெண்டு பாலத்துலயும் வருஷம் பூராத் தண்ணி நிக்கும்மா" என்றாள் அவள். "நனைஞ்ச காலோட யாரும் தூரம் நடக்க மாட்டாங்க. காஞ்ச வழி எங்க வழி ஒண்ணுதான்."

ஆராய்ச்சிக்காரி வரைபடத்தில் அந்தப் பாலத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பிறகு ஒரு ஜோடி கேமராவை அங்கே வைத்தாள். கேமரா இருக்கிறது என்று ஒரு அறிவிப்பும் ஒட்டினாள்.

பதினேழு நாள். சிறுத்தை படத்தில் விழவில்லை; ஜோடியக்கா சுவரில் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். பதினெட்டாம் நாள், மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மதியம் சாப்பிட உட்கார்ந்தவளுக்கு ஃபோன் வந்தது. "அக்கா, வாங்க." அவ்வளவு சொல்லிவிட்டு ஆராய்ச்சிக்காரி ஃபோனை வைத்துவிட்டாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். திரையில் இரண்டு படம், ஒரே நொடி. இடது கேமராவில் வடக்கு-மூணின் இடப்பக்கம். வலது கேமராவில் தெற்கு-நாலின் வலப்பக்கம். நடுவில் ஒரே ஒரு உடம்பு. வலது பின்பாதம் வெளியே திரும்பியிருந்தது. மெஷின் இரண்டுக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருந்தது. விடியற்காலை ஐந்து நாற்பத்தெட்டு.

"மனுஷங்க படத்தை மெஷின் தனியா ஒதுக்கிடும், நாங்க அழிச்சிடுவோம்" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "இந்த ஒண்ண மட்டும் அழிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குக் காட்டணும்னு வெச்சேன்."

அதே பாலம், அதே நாள், ஆறு ஐந்து. கையில் டிபன் டப்பாவோடு, குனிந்த தலையோடு, ஜோடியக்கா.

பதினேழு நிமிடம். மணலில் அதன் காலடித் தடம்கூட அப்போது கலைந்திருக்காது. எத்தனை காலைகள் இப்படி அதன் அடிமேல் அடி வைத்து நடந்திருப்பாள்? அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

அறிக்கை போனது. மூன்று பாலமும் திறந்தே இருக்கும் என்று பதில் வந்தது. ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வழியை ஆட்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

அதைச் சொல்லும் வேலை ஜோடியக்கா தலையில் விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் நாற்பத்திரண்டு பெண்களிடம் சொன்னாள். முதலில் பாய்ந்தது தையல் பிரிவில் வெடி என்று பெயரெடுத்தவள்.

"இத்தன நாளா சிறுத்தை போற வழியிலயா எங்கள நடக்கவிட்ட? அதப் புடிச்சுட்டுப் போகச் சொல்லு! அதுக்காக நாங்க ஏன் நூத்திநாலு படி ஏறி இறங்கணும்? நீயே உன் முட்டிய வெச்சுக்கிட்டு எப்படி ஏறுவ?"

"ஏறுவேன்" என்றாள் ஜோடியக்கா. "நாலு வருஷமா அது நமக்கு முன்னாடி போயிட்டு இருக்கு. நம்ம சத்தம் கேக்கறதுக்குள்ள போயிடுது. ஒரு நாள் நம்மள ஒரு சீறு சீறிச்சா? இத்தன நாள் அதுதான்டி ஒதுங்கிப் போயிருக்கு."

அழிப்பதற்கு முன் கேட்டு வாங்கி ஃபோனில் வைத்திருந்த இரண்டு படத்தையும் வெடியின் கையில் கொடுத்தாள், சிறுத்தையின் படத்தையும் தன் படத்தையும். வெடி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். ஃபோன் மேஜை மேஜையாகப் போய், சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை காலை நாற்பத்துமூன்று பேரும் நடைமேம்பாலம் ஏறினார்கள். ஜோடியக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிக்கு ஒரு மூச்சு விட்டு ஏறினாள். நடைமேம்பாலத்தின் நடுவில் வந்தபோது வெடிதான் முதலில் நின்றாள், கம்பியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் நின்றார்கள். கீழே சாலைக்கு அடியில் பழைய வழிப் பாலத்தின் வாய் இருட்டாகத் திறந்திருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒருத்திகூட நகரவில்லை.

அன்று நாற்பத்துமூன்று பேரும் தாமதம். சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றிருந்தார், கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டு.

"மொத்தப் பேரும் சேர்ந்து எங்க போனீங்க?"

"எங்கயும் போகல சார்" என்றாள் வெடி. "ஒருத்தருக்கு வழி விட்டோம்."